அல்கொன்குவின் பூங்காவில் நடைப்பயணமும் காட்டுயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள அல்கொன்குவின் பூங்காவுக்கு முதன்முறையாகச் செல்வோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டிய, ஒரே நாளில் நடந்து திரும்பக்கூடிய பாதைகளைப் பற்றியே இதில் பேசுகிறோம். கூடாரத்தைச் சுமந்துகொண்டு பல நாள்கள் காட்டுக்குள் நடக்கும் வெஸ்டர்ன் அப்லண்ட்ஸ் போன்ற நெடும்பாதைகளுக்கு வேறு வகையான ஆயத்தம் தேவை.

அல்கொன்குவின் எப்படிப்பட்ட இடம்? அங்கே விலங்குகள் மிகுதியாக இருப்பது ஏன்?

1893ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட இது, கனடாவின் மிகப் பழைய மாகாணப் பூங்கா. பரப்பளவு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தெற்கேயிருந்து வரும் மேப்பிள், பீச் முதலிய இலையுதிர் மரங்களும், வடக்கேயிருந்து இறங்கும் ஸ்ப்ரூஸ், பால்சம் ஃபர் முதலிய ஊசியிலை மரங்களும் இங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆகவே தென்காட்டு உயிர்களும் வடகாட்டு உயிர்களும் ஒரே பூங்காவில், சில இடங்களில் ஒரே நடைப்பாதையில், வாழ்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும், அவற்றை இணைக்கும் ஓடைகளும், பீவர்கள் அணைகட்டித் தேக்கிய குளங்களும் இருப்பதால் நீரை நம்பி வாழும் விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. இது மனிதர் கை படாத காடு என்று எண்ணிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் வெண்பைன் மரங்களுக்காக வெட்டப்பட்ட காடு இது. பூங்காவின் ஒரு பகுதியில் கட்டுப்பாட்டுடன் மரம் வெட்டுதல் இன்றும் நடைபெறுகிறது.

எப்படிப் போவது? நுழைவுச்சீட்டு வேண்டுமா?

ரொறன்ரோவிலிருந்து ஹன்ஸ்வில் வழியாக மேற்கு வாயிலை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஹன்ஸ்விலில் எரிபொருளை நிரப்பிக்கொள்வது நல்லது. மேற்கு வாயிலிலிருந்து கிழக்கு வாயில் வரை 60ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவுக்குள் சுமார் 56 கிலோமீட்டர் ஓடுகிறது. நடைப்பாதைகள், முகாமிடங்கள், பார்வையாளர் மையம் எல்லாமே மேற்கு வாயிலிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்ற கணக்கிலேயே சொல்லப்படும். சாலையோரப் பலகைகளிலும் அதே எண்கள்தான் இருக்கும்.

எங்கும் நிறுத்தாமல் நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர்களுக்குச் சீட்டுத் தேவையில்லை. இறங்கி நடப்பதானால் ஒவ்வொரு வாகனத்துக்கும் நாள் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அதை இணையத்தில் சில நாள்களுக்கு முன்பே பெற்றுக்கொள்ளலாம். கோடைக்கால வார இறுதிகளிலும் இலை நிறம் மாறும் பருவத்திலும் முன்பதிவு இல்லாமல் போவது வீண் அலைச்சலில் முடியக்கூடும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டையை இங்கே நீட்டிப் பயனில்லை. இது மத்திய அரசின் பூங்கா அன்று, மாகாண அரசின் பூங்கா.

விலங்குகளைப் பார்க்க எந்த நடைப்பாதை சிறந்தது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அழகிய காட்சிக்குப் பெயர்பெற்ற பாதைகளும் விலங்குகளுக்குப் பெயர்பெற்ற பாதைகளும் பெரும்பாலும் வெவ்வேறானவை. லுக்அவுட் பாதையிலும் செண்டெனியல் ரிட்ஜஸ் பாதையிலும் பாறை விளிம்பில் நின்று பார்த்தால், அடிவானம் வரை காடும் ஏரியுமாக விரியும் காட்சி உண்மையிலேயே மலைக்க வைப்பது. ஆனால் உயரமான அந்த வறண்ட பாறைமேடுகளில் பெரிய விலங்குகளுக்குக் கிடைப்பது குறைவு. அவை தேடி வருவது சதுப்பையும், ஆழமற்ற குளத்தையும், இளந்தளிர் நிறைந்த ஓரங்களையும்தான்.

ஆகவே காட்டுயிர்களுக்காகவே வருபவர்களுக்கு முதலில் சொல்லத்தக்கது, 15ஆம் கிலோமீட்டருக்கு அருகே தொடங்கும் மிஸ்ஸி லேக் பாதை. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சுற்று, ஒன்பது சிறிய ஏரிகளையும் குளங்களையும் தொட்டுச் செல்கிறது. இதன் ஒரு பகுதி, மர வியாபாரி ஜே. ஆர். பூத் கட்டிய பழைய இரயில்பாதையின் மேட்டின் மீது போகிறது. அங்கே இருபுறமும் சதுப்பு திறந்து கிடப்பதால் தொலைவு வரை பார்க்க முடியும். பீவர், நீர்நாய், ஆமை, மூஸ் என்னும் பெரிய மான் ஆகியவற்றைக் காணும் வாய்ப்பு இங்கே மற்றப் பாதைகளைவிட அதிகம். விடிந்தவுடன் முதல் ஆளாக நடக்கத் தொடங்கினால் மட்டுமே இது முழுமையாகப் பொருந்தும். பத்து மணிக்கு மேல், பேச்சும் சிரிப்புமாக நான்கைந்து குழுக்கள் முன்னே சென்றபின், அதே பாதையில் அணில்களைத் தவிர வேறொன்றும் எஞ்சியிராது.

நேரமோ கால்வலுவோ குறைந்தவர்கள் 42ஆம் கிலோமீட்டரில் உள்ள ஸ்ப்ரூஸ் பாக் மரப்பலகைப் பாதையையும், 45ஆம் கிலோமீட்டரில் உள்ள பீவர் பாண்ட் பாதையையும் தேர்ந்தெடுக்கலாம். முன்னது ஒன்றரைக் கிலோமீட்டர், பின்னது இரண்டு கிலோமீட்டர் அளவே. மாலை வெயில் சாய்ந்தபின் பீவர் குளத்தருகே அரை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு, பகல் முழுவதும் வேகமாகப் பத்துக் கிலோமீட்டர் நடந்தவருக்குக் கிடைக்காதது கிடைக்கும். மரங்களிலும் கண்ணை வையுங்கள்: பெரிய பீச் மரங்களின் சாம்பல் நிறப் பட்டையில், கரடி காய்களுக்காக ஏறிய நகத் தழும்புகள் ஐந்தைந்தாகக் கருமை படிந்து தெரியும்.

மூஸ் மானை எப்போது, எங்கே காணலாம்?

மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும், நெடுஞ்சாலையோரப் பள்ளங்களில். நடைப்பாதையைவிடச் சாலையில்தான் காணலாம் என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அதற்குத் தெளிவான காரணம் உண்டு. குளிர்காலம் முழுவதும் மரக்குச்சிகளையும் ஊசியிலைகளையும் தின்று வாழும் மூஸுக்கு உப்புச்சத்து மிகவும் குறைந்துவிடுகிறது. சாலையில் பனிக்கட்டி உருகுவதற்காகத் தூவப்படும் உப்பு, வசந்தத்தில் பனிநீரோடு வழிந்து ஓரப் பள்ளங்களில் தேங்குகிறது. அந்தக் கலங்கல் நீரைக் குடிக்கவே அவை விடியலிலும் அந்தியிலும் சாலைக்கு வருகின்றன. முன்கால்களை அகட்டி, சில வேளை முழங்கால் மடித்து, முகவாயைச் சேற்றில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்தப் பருவத்தில் அதன் தோளிலும் கழுத்திலும் முடி உதிர்ந்து வெளிறிப்போயிருப்பதைக் கண்டு நோய்ப்பட்ட விலங்கு என்று பலர் பதறுவார்கள். குளிர்கால உண்ணிகளின் கடி தாங்காமல் மரத்தில் உராய்ந்து உராய்ந்து அது தானே முடியை இழந்திருக்கிறது. தப்பிப் பிழைத்தவற்றுக்குக் கோடையில் புதுமுடி வளர்ந்துவிடும்.

ஜூன் பிற்பாதியில் நீர்த்தாவரங்கள் வளர்ந்ததும் காட்சி இடம் மாறுகிறது. அல்லி முதலிய நீர்த்தாவரங்களில் தரைத்தாவரங்களைவிடப் பன்மடங்கு உப்புச்சத்து இருப்பதால், மூஸ் பள்ளத்தை விட்டு ஏரிக்குள் இறங்கிவிடும். அப்போது சிறுபடகில் செல்பவர்களுக்கே வாய்ப்பு மிகுதி. செப்டம்பர் பிற்பகுதியில் இணைசேரும் பருவம் வரும்; பெருங்கொம்புகளோடு ஆண் மூஸைக் காணலாம் என்றாலும், அது எளிதில் சீறும் காலமும் அதுவே.

மூஸ் சாலையோரம் நின்றால் காரை நிறுத்தி இறங்கலாமா?

வாகனத்தைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, விளக்குகளை எரியவிட்டு, உள்ளே இருந்தபடி பார்ப்பதே சரி. நடுச்சாலையில் நிறுத்துவதும், இருபது பேர் கைப்பேசியோடு அரைவட்டமாகச் சூழ்வதும் ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் தலைவலி. தேசியப் பூங்காக்களில் மூஸ், மான் வகைகளிடமிருந்து குறைந்தது 30 மீட்டரும், கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து 100 மீட்டரும் விலகியிருக்கச் சொல்கிறார்கள். மாகாணப் பூங்காவிலும் அந்த அளவையே மனத்தில் கொள்ளலாம். காதுகளைப் பின்னே மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்து, நாக்கால் உதட்டை நக்கினால் அது பொறுமை இழந்துவிட்டது என்று பொருள். கன்றுடன் இருக்கும் தாயிடம் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மூஸ் பாய்ந்து வந்தால் ஓடிச் சென்று பருத்த மரத்தின் பின்னே ஒளிந்துகொள்ளலாம். ஓடக்கூடாது என்ற விதி கரடிக்கு உரியது, மூஸுக்கு அன்று.

இருட்டில் வண்டி ஓட்டுவதைக் கூடியவரை தவிர்க்கவும். கறுத்த உடலும் உயர்ந்த கால்களும் கொண்ட மூஸ் கார் விளக்கின் ஒளிக்கற்றைக்கு மேலே நிற்பதால், மிக அருகில் வரும்வரை கண்ணுக்குப் புலப்படாது. மோதினால் கால்கள் மடிந்து முழு உடலும் முன்கண்ணாடியின்மீதே வந்து விழும்.

கரடி வருமா? வந்தால் என்ன செய்வது?

இங்கே இருப்பது கருங்கரடி மட்டுமே. மேற்குக் கனடாவின் கிரிஸ்லி கரடி இல்லை. பூங்காவில் ஏறத்தாழ 2,000 கருங்கரடிகள் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. இருந்தும் பெரும்பாலான நடைப்பயணிகள் ஒன்றைக்கூடப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள், ஏனெனில் அவை ஆள் அரவம் கேட்டதும் விலகிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவுரிநெல்லியும் ராஸ்பெர்ரியும் பழுத்திருக்கும் வெட்டவெளிகளில் காணும் வாய்ப்புச் சற்று அதிகம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல இயலாது. 1978இல் பதின்வயதுச் சிறுவர் மூவரும், 1991இல் ஓபியாங்கோ ஏரியின் தீவொன்றில் முகாமிட்டிருந்த இருவரும் கரடியால் கொல்லப்பட்டனர். இவை மிக அரிய நிகழ்வுகள். அன்றாடத் தொல்லையாக இருப்பது உணவைத் தேடிப் பழகிவிட்ட கரடிதான். ஆகவே நாள் பயணியாக இருந்தாலும் உணவுப் பையைப் பாதையோரம் விட்டுவிட்டுக் குளிக்கப் போகக்கூடாது. சோற்றுப் பொட்டலமோ கறிக்குழம்பின் மணமோ படிந்த காகிதமும் நெகிழிப்பையும் கரடியை அழைக்கப் போதுமானவை. மிச்சத்தைக் கரடி திறக்க முடியாத இரும்புக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், அது நிரம்பியிருந்தால் காரில் வைத்து வீட்டுக்கே கொண்டு செல்லுங்கள். படகிலோ நெடும்பாதையிலோ உட்காட்டுக்குச் சென்று தங்குபவர்கள் தகரக் குவளைகளில் அடைத்த உணவும் கண்ணாடிப் போத்தல்களும் எடுத்துச் செல்லக்கூடாது என்பது இந்தப் பூங்காவின் விதி.

எதிரே கரடி தென்பட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். உரத்த குரலில் பேசியபடி, குழந்தைகளை அருகே இழுத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்குங்கள். அது போவதற்கு வழி விடுங்கள். விலகாமல் பின்தொடர்ந்து நெருங்கினால் கத்தி, கையை உயர்த்தி, கல்லோ கொம்போ எறிந்து விரட்ட வேண்டும். கருங்கரடி உண்மையிலேயே தாக்கினால் இறந்தவர்போல் கிடக்காமல் எதிர்த்துப் போராட வேண்டும் என்பதே அறிவுரை. கரடிகளுக்கான மிளகுத் தெளிப்பான் ஒன்றைப் பையின் வெளிப்புறத்தில், கைக்கு எட்டும்படி வைத்திருப்பது நன்று.

ஓநாய்களைப் பார்க்க முடியுமா?

பார்ப்பது அரிது, கேட்கலாம். 1963 முதல் ஆகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில், சூழ்நிலை அமைந்தால், பொதுமக்களுக்கான ஓநாய் ஊளை நிகழ்ச்சியைப் பூங்கா நடத்திவருகிறது. திறந்தவெளி அரங்கில் ஓநாய்களைப் பற்றிய உரையைக் கேட்டபின், மக்கள் தத்தம் கார்களில் வரிசையாகச் சென்று நெடுஞ்சாலையோரம் இறங்கி நிற்பார்கள். இயற்கை விளக்குநர்கள் தங்கள் குரலாலேயே ஊளையிடுவார்கள். அமைந்தால் ஓநாய்க் கூட்டம் மறுமொழி கூறும், குட்டிகளின் கீச்சுக் குரல் தனியாகக் கேட்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூச்சடக்கி நிற்கும் இப்படியோர் ஏற்பாட்டை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

ஏன் ஆகஸ்ட் மட்டும்? அந்த மாதத்தில்தான் கூட்டம் வளைக்குழியை விட்டு வெளியேறி, வேகமாக ஓட இயலாத குட்டிகளைத் திறந்தவெளி ஓரிடத்தில் பல நாள்கள் நிறுத்திவைத்து வேட்டைக்குப் போய்வருகிறது. முந்தைய இரவு ஊழியர்கள் தேடிச் சென்று ஊளைக்கு விடை கிடைத்தால்தான் நிகழ்ச்சி உறுதியாகும். அறிவிப்பும் கடைசி நேரத்திலேயே வரும். சில ஆண்டுகளில் ஒன்றுகூட நடவாமல் போவதுண்டு.

பறவைகளில் எவற்றைத் தேடலாம்?

லூன் பறவையை நீங்கள் தேட வேண்டியதில்லை; அதன் நீண்ட அழுகுரல் கோடை இரவுகளில் ஏரிக்கரைக்கு எப்படியும் வந்து சேரும். ஒன்ராறியோவின் மாகாணப் பறவையும் அதுவே. ஸ்ப்ரூஸ் பாக் பாதையிலும் ஓபியாங்கோ சாலையிலும் ஸ்ப்ரூஸ் குரூஸ், கறுப்புமுதுகு மரங்கொத்தி, வடகாட்டுச் சிக்கடி ஆகிய வடபுலப் பறவைகளைத் தேடுவோரை ஆண்டு முழுவதும் காணலாம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, மனிதர்களுக்கு அஞ்சாமல் கைக்கெட்டும் தூரத்தில் வந்தமரும் சாம்பல்நிறக் கனடா ஜே. குளிர்காலத்தில் தெற்கே போகாமல் இங்கேயே தங்கும் இப்பறவை, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பூச்சி, பழம், இறைச்சித் துண்டு எதுவாயினும் தன் பசை போன்ற எச்சிலில் உருட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டி ஒளித்துவைக்கும். அந்தச் சேமிப்பை நம்பியே, காடெங்கும் பனி மூடிக் கிடக்கும் மார்ச் மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அல்கொன்குவினில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுக் கண்காணிக்கப்பட்டுவரும் இதன் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்துள்ளது. இலையுதிர் காலம் வெதுவெதுப்பாகி, உறைவதும் உருகுவதுமாக மாறிமாறி வருவதால் ஒளித்துவைத்த உணவு கெட்டுப்போகிறது என்பதே ஆய்வாளர்கள் சுட்டும் காரணம். கையில் கடலையை வைத்து நீட்ட எவருக்கும் ஆசை வரும். ஆயினும் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது பூங்காவில் தடைசெய்யப்பட்டது.

பெரிய விலங்கு எதுவும் தென்படாவிட்டால்?

கீழே பாருங்கள். ஜூன் மாதத்தில் சாலையோரச் சரளைமண்ணைக் கிளறி முட்டையிடும் கடியாமையின் ஓடு பெரிய தாம்பாளம் அளவு இருக்கும். வாலில் முதலைக்குப்போல் முகடுகள் வரிசையாய் நிற்கும். பூங்காவின் ஆய்வு நிலையம் 1972 முதல் இந்த ஆமைகளைத் தனித்தனியாக அடையாளமிட்டுத் தொடர்ந்துவருகிறது. நூறாண்டு வாழக்கூடிய உயிர் இது. சாலையைக் கடக்கும் ஆமையைக் கண்டால், போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டு, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மறுபக்கம் சேர்க்க வேண்டும். வந்த பக்கத்தில் விட்டால் மீண்டும் சாலையேறும்.

30ஆம் கிலோமீட்டரில் உள்ள பாட் லேக் இயற்கையாகவே அமிலத்தன்மை கொண்ட ஏரி. அதில் மீன் வாழ முடியாது. மீன் இல்லாததாலேயே, பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்விகளான மஞ்சள்புள்ளிச் சலமாண்டர்கள் அங்கே முட்டையிட்டுப் பெருகுகின்றன. பூங்காவின் சதுப்புகளில் வளரும் குடுவைத் தாவரம் பூச்சிகளை மட்டுமே உண்பது என்று எண்ணியிருந்தோம். அது இளம் சலமாண்டர்களையும் வழக்கமாகப் பிடித்துச் செரிக்கிறது என்பதை 2019இல் வெளியான ஆய்வொன்று இதே பூங்காவில் கண்டறிந்தது.

பூச்சிக்கடி எவ்வளவு மோசம்?

மூஸைக் காணச் சிறந்த மாதமே பூச்சிகளுக்கும் சிறந்த மாதம் என்பதை மறைக்கக்கூடாது. மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை கருப்பு ஈ. ஜூன், ஜூலையில் கொசு. ஜூலையில் மான் ஈயும் சேர்ந்துகொள்ளும். கருப்பு ஈ ஓடும் தூய நீரில் பெருகுவது. பகலில் மட்டுமே கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, காதின் பின்புறமும் மயிரோரமும் இரத்தம் கசிந்தபின்தான் தெரியும். கருநிற ஆடையை அது நாடி வரும் என்பதால் வெளிர்நிற முழுக்கைச் சட்டையும், காலுறைக்குள் செருகிய நீளக் காற்சட்டையும், தலைவலையும் அணியலாம். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ஒன்ராறியோவில் பரவிவருவதால், நடை முடிந்ததும் உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பரும் உகந்தவை.

இலைகள் நிறம் மாறுவதை எப்போது பார்க்கலாம்?

சர்க்கரை மேப்பிள் மரங்களின் சிவப்பு பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி உச்சத்தை அடையும். அக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு வருபவர்கள், மேப்பிள் பெரிதும் உதிர்ந்துவிட்டதைக் கண்டு ஏமாறுவதுண்டு; ஆனால் அப்போது ஆஸ்பென் மரங்களும், பின்னர் டாமராக் மரங்களும் மஞ்சளாகியிருக்கும். டாமராக் ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பது. கூட்டத்தைத் தவிர்க்க வாரநாளில் போவது ஒன்றே வழி.

கைப்பேசி வேலை செய்யுமா? வேறென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

நெடுஞ்சாலையின் சில இடங்களில் அலைவரிசை கிடைக்கும். பாதைகளில் அதை நம்ப இயலாது. புறப்படுமுன் எந்தப் பாதையில் நடக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். குடிநீர், மழையங்கி, மேலதிக உடை, தலைவிளக்கு ஆகியவை குறும்பாதைக்கும் தேவை. ஜூன் மாதத்திலும் நனைந்து நின்றால் குளிர் உடலை வாட்டிவிடும். பாதைத் தொடக்கத்தில் எண்ணிட்ட கம்பங்களுக்கான விளக்கக் கையேடு கிடைக்கும். 43ஆம் கிலோமீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தில் முதலில் இறங்கி, அண்மையில் எங்கே எது தென்பட்டது என்று கேட்டுக்கொண்டு போவது, இணையத்தில் படிக்கும் எந்தப் பரிந்துரையையும்விடப் பயன் தரும்.

முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பார்வையாளர் மையத்தின் பின்புற மேடையிலிருந்தே சண்டே ஓடைப் பள்ளத்தாக்கின் பரந்த சதுப்பைக் காணலாம். கண்ணாடி வழியே அங்கே மூஸைப் பார்த்தவர்கள் பலர். 13ஆம் கிலோமீட்டரின் ஹார்ட்வுட் லுக்அவுட் பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. 39ஆம் கிலோமீட்டரின் லுக்அவுட் பாதை இரண்டு கிலோமீட்டரே ஆயினும் செங்குத்தானது. உச்சியில் தடுப்புவேலி கிடையாது, ஆகவே சிறுவர்களின் கையை விடவேண்டாம்.

நாயைக் கூட்டிச் செல்லலாமா?

இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரில் கட்டியிருந்தால் பெரும்பாலான பாதைகளில் அனுமதி உண்டு. மிஸ்ஸி லேக் பாதையில் மட்டும், அங்குள்ள காட்டுயிர்களின் பொருட்டு, வாரில் கட்டிய நாய்க்கும் அனுமதி இல்லை.